கனடாவின் கியூபெக் நகரத்தில் கப்பல் ஒரு பகல்தான் நிற்கிறது. முழங்கால் வலி உள்ள அம்மாவோடு எப்படிச் சுற்றலாம்?

கோவை வசந்தி:

அக்டோபர் முதல் வாரம் அப்பா, அம்மாவோடு பாஸ்டனில் கப்பல் ஏறுகிறோம். ஹாலிஃபாக்ஸ், சிட்னி, ஷார்லட்டவுன் தொட்டுக் கியூபெக் நகரம் போய், பாஸ்டனுக்கே திரும்புகிறது. கியூபெக்கில் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படுவதாகப் போட்டிருக்கிறார்கள். இருவருக்கும் வயது எழுபதை ஒட்டி. அம்மா சமதரையில் மெதுவாக ஒரு கிலோமீட்டர் நடப்பார். படி ஏறுவது கஷ்டம், இறங்குவது அதைவிடக் கஷ்டம். இருவருமே சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

கப்பலிலேயே விற்கும் நடைச்சுற்றுலாவை எடுக்கவா, நாங்களாகப் போகவா? மோன்மோரென்சி அருவியையும் அதே நாளில் சேர்க்க முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துறைமுகக் குருவி:

நடைச்சுற்றுலா வேண்டாம். கூட்டமாகப் போவார்கள், வழிகாட்டியின் வேகத்துக்கு அம்மாவால் ஈடுகொடுக்க முடியாது. வேறு பல ஊர்களில் துறைமுகம் ஒரு மூலை, ஊர் ஒரு மூலை. அங்கெல்லாம் காசு கொடுத்துப் பஸ் ஏறியே ஆகவேண்டும். இங்கே கப்பல்கள் வழக்கமாக நிற்கும் பாயிண்ட்-ஆ-கார்சி துறையில் இறங்கினால் பழைய நகரம் எதிரிலேயே இருக்கிறது. கீழே உள்ள பிளாஸ் ரோயால் சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை, எல்லாம் சமதரை.

தூரம் இங்கே பிரச்சினையே இல்லை, உயரம்தான் பிரச்சினை. பழைய கியூபெக் இரண்டு அடுக்கு ஊர். செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் கீழ்நகரம், பாறைமேல் மேல்நகரம், இடையில் ஏறக்குறைய 60 மீட்டர் சரிவு. 1608-இல் சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் முதல் குடியிருப்பைக் கட்டியது கீழே. பிறகு கவர்னரும் படையும் மடங்களும் பாதுகாப்பு கருதி மேலே போக, வியாபாரிகள் துறையை ஒட்டிக் கீழேயே தங்கிவிட்டார்கள். அதனால் பார்க்க வேண்டியவையும் சரிபாதியாக மேலும் கீழும் பிரிந்து கிடக்கின்றன. நாள் முழுக்க எத்தனை முறை ஏறி இறங்குகிறீர்கள் என்பதை வைத்துத்தான் அம்மாவின் முழங்கால் தாங்குமா தாங்காதா என்பது. ஒரே ஒரு முறை ஏறி, ஒரே ஒரு முறை இறங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ்-கூ படிக்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம். 59 படிதானே என்று ஏறிவிடுவார்கள். அது மேல்நகரம் வரை போகாது, பாதி உயரத்தில் கோத் த லா மோன்தாஞ் என்ற சாலையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து செங்குத்தான சாலை, அதற்கு மேலும் படிகள். வழியில் உட்காரக்கூட வசதி கிடையாது.

மிச்சம் இருப்பவை டாக்சியும் ஃபுனிகுலரும். ஃபுனிகுலர் என்பது நம் பழனி விஞ்ச் மாதிரிதான், அதைவிட மிகச் சிறியது. 1879-இல் தொடங்கியது. கீழே பெத்தி-ஷாம்ப்ளேன் தெருவில் லூயி ஜோலியே என்ற நாடுகாண் பயணி வாழ்ந்த 1683-ஆம் ஆண்டு வீட்டுக்குள் ஏறினால் ஓரிரண்டு நிமிடத்தில் மேலே டஃபரின் நடைமேடையில் இறக்கிவிடும். டிக்கெட் ஒரு வழிக்கு மட்டும், சில டாலர்தான். கப்பல் கூட்டம் முழுக்கக் கீழ்நகரத்தை முதலில் பார்த்துவிட்டுப் பத்து, பதினொரு மணிவாக்கில் மேலே போக அங்கே வரிசை கட்டும். மாலையில் அதே கூட்டம் கீழே இறங்க மேல்வாசலில் நிற்கும். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். காலையில் டாக்சியில் நேராக மேலே, மதியம் ஃபுனிகுலரில் கீழே. அந்த நேரத்தில் இறங்குபவர்கள் குறைவு. பராமரிப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள், முந்தின இரவு அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் இறங்குவதற்கும் டாக்சிதான்.

எட்டு மணி வருகை என்றால் எட்டு மணிக்கு இறங்கலாம் என்று அர்த்தமில்லை. கப்பலைக் கட்டி, அதிகாரிகள் அனுமதி கொடுத்து, கப்பலின் சுற்றுலாக் கூட்டத்தை முதலில் அனுப்பிவிட்டுத்தான் மற்றவர்களை விடுவார்கள். எட்டரை, எட்டேமுக்கால் என்று கணக்கு வையுங்கள். டாக்சிக்காரரிடம் "சாட்டோ ஃப்ரோன்ட்னாக்" என்றால் போதும். 1893-இல் திறந்த அந்த ஓட்டல்தான் படங்களில் எல்லாம் வரும் செம்புக் கூரைக் கட்டடம். வாசலில் இறங்கினால் நடைமேடை பக்கத்திலேயே. 400 மீட்டருக்கு மேல் நீளம், மரப்பலகைத் தரை, நிறைய பெஞ்சுகள். ஆறும் எதிர்க்கரையும் இல் தோர்லியான் தீவும் தெரியும். அம்மா அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே பாதி கியூபெக் பார்த்தமாதிரி. ஆனால் அக்டோபரில் காற்று காதை அறுக்கும். பகலிலேயே 15 டிகிரியைத் தாண்டாத நாட்கள் நிறைய. ஸ்வெட்டருக்கு மேல் காற்றுப் புகாத கோட்டும், காதை மூடும் குல்லாவும் வேண்டும்.

நடைமேடையின் தெற்குக் கோடியில் ஒரு வலை இருக்கிறது. கவர்னர்கள் நடைபாதை என்று பெயர். நடைமேடையின் தொடர்ச்சி போலவே தோன்றும், போகப்போக 310 படி. நிறைய பேர் பாதியில் மாட்டிக்கொள்வார்கள். அப்பாவுக்குத் தெம்பிருந்தால் போகட்டும், அது ஆபிரகாம் சமவெளிக்குக் கொண்டுபோய் விடும். 1759 செப்டம்பர் 13 அன்று இங்கிலாந்துப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிய இடம். ஒரு மணி நேரம்கூட நீடிக்காத சண்டை, இரண்டு தளபதிகளும் காயம்பட்டு இறந்தார்கள். இன்று புல்வெளிப் பூங்கா. போர்க்களம் என்று எதிர்பார்த்துப் போனால் பார்க்க ஒன்றுமில்லை.

சிட்டாடெல் கோட்டையில் இன்றும் ராணுவம் இருக்கிறது. தனியாகத் திரிய விடமாட்டார்கள், வழிகாட்டியோடு ஒரு மணி நேரச் சுற்று. தரை ஏற்ற இறக்கம், அம்மாவுக்கு வேண்டாம். காவல் மாற்றும் அணிவகுப்பு கோடையில் மட்டும்தான், அக்டோபர் கப்பலில் வருகிறவர்களுக்குக் கிடைக்காது. நகரைச் சுற்றி 4.6 கிலோமீட்டர் மதில் இருக்கிறது, மேலே நடக்கக் கட்டணம் கிடையாது. அப்பா ஆசைப்பட்டால் சேன்-லூயி வாசல் அருகே ஏறி ஒரு துண்டு நடந்துவிட்டு வரட்டும்.

பன்னிரண்டரைக்குக் கீழே இறங்கிவிடுங்கள். பெத்தி-ஷாம்ப்ளேன் தெரு கடைகள், படம் எடுப்பவர்கள், அவ்வளவுதான். என் கணக்கில் கால்மணி நேரம் போதும். பிளாஸ் ரோயாலில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். சதுக்கத்தில் கருங்கல் பாவிய தரை, இடுக்குகளில் கால் பிரளும். அம்மா அடிப்பகுதி தட்டையான, கெட்டியான ஷூ போடட்டும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நோத்ர்-தாம்-தே-விக்துவார் தேவாலயம் 1688-இல் சாம்ப்ளேன் குடியிருப்பின் இடத்திலேயே எழுந்தது. உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள், கூரையிலிருந்து ஒரு சின்னப் பாய்மரக் கப்பல் தொங்கும். 1660-களில் பிரெஞ்சுப் படையை ஏற்றிவந்த பிரேசே என்ற கப்பலின் மாதிரி. பெயரில் உள்ள வெற்றிகள் 1690-இலும் 1711-இலும் ஆங்கிலேயர் திரும்பிப் போனதைக் குறிப்பவை. 1711-இல் சண்டையே நடக்கவில்லை, அவர்கள் கப்பல்கள் பனிமூட்டத்தில் ஆற்றின் கீழ்ப்பகுதியிலேயே பாறையில் மோதின. தேவாலயத்தைவிட்டு வெளியே வந்து இரண்டு நிமிடம் நடந்தால் ஒரு பெரிய சுவரோவியம், 420 சதுர மீட்டர். ஜன்னல்களில் நிற்பவர்கள் எல்லாம் இந்த ஊர் வரலாற்று மனிதர்கள்.

மூன்றரைக்குக் கப்பல் பக்கம் திரும்பிவிடுங்கள்.

ஸ்கார்பரோ வாசி:

வசந்தி அக்கா, மேல சொன்ன திட்டம் நல்லது. நான் ஊரைப் பற்றி இல்லை, கப்பலைப் பற்றிச் சொல்லுறன்.

முதல் விசயம் மணிக்கூடு. ஹாலிஃபக்ஸ், சிட்னி, ஷார்லட்டவுன் மூண்டும் அத்திலாந்திக் நேரம். பொஸ்ரனும் கியூபெக்கும் கிழக்கு நேரம், ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. சில கப்பல் வழியில நேரத்தை மாத்தும், சிலது மாத்தாமலே ஓடும். ஆனா உங்கட போன் கரையைத் தொட்ட உடன தானா மாறும். கப்பல் அத்திலாந்திக் நேரத்திலயே நிண்டா, உங்கட போன் நாலு மணி காட்டேக்க கப்பலில அஞ்சு மணி. சனம் கப்பலைத் தவறவிடுறது கூடுதலா இப்பிடித்தான். இறங்க முதல் கப்பல் மணிக்கூட்டைப் பாத்து, ஒரு சாதாரணக் கைமணிக்கூட்டில அந்த நேரத்தை வையுங்கோ. நாள் முழுக்க அதைத்தான் பாக்கவேணும். அஞ்சு மணிக்கு வெளிக்கிடுற கப்பல் எண்டா நாலரைக்கு, சில கொம்பனி நாலு மணிக்கே ஏறச் சொல்லும். கப்பல் தாற தினசரித் தாளில இருக்கும்.

ரெண்டாவது, ஏறி இறங்கிற பாலம். உது ஆறு எண்டாலும் கடல் வற்றுப்பெருக்கு அங்க வரைக்கும் வரும். கியூபெக்கில சராசரி 4 மீற்றருக்கு மேல, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி 6 மீற்றர் கிட்ட வரும். கப்பல் தண்ணியோட ஏறி இறங்கும், துறைக் கட்டு அசையாது. அதால காலையில சமனா இருந்த பாலம் பின்னேரம் செங்குத்தா நிக்கும், இல்லாட்டி வேற தட்டுக்கு மாத்திப்போடுவினம். அம்மாவுக்குக் கை குடுக்கச் சொல்லி வாசலில நிக்கிற ஆக்களிட்டக் கேட்டா செய்வினம். வற்றுப்பெருக்கு அட்டவணையைக் கனடா அரசின்ர தளத்தில முதலே பாக்கலாம். திரும்பி வாற நேரத்தைக் கொஞ்சம் முன்ன பின்ன வைச்சா சரிவு குறையும்.

மூண்டாவது, எந்தத் துறை. செப்ரெம்பர், ஒக்ரோபரில ஒரே நாளில கனக்கக் கப்பல் வரும். எல்லாத்துக்கும் பாயிண்ட்-ஆ-கார்சியில இடம் காணாது, வேற துறையில விட்டா நடை கூடும். துறைமுகத்தின்ர கப்பல் அட்டவணையில உங்கட கப்பல் பேரையும் துறை இலக்கத்தையும் பாருங்கோ.

விசா. இந்தியப் பாஸ்போட் எண்டா கனடா விசிற்றர் விசா தனியா வேணும். அமெரிக்க விசா இருக்கு, கப்பல் தானே, ஒரு பகல் தானே எண்டு விடமாட்டினம். பொஸ்ரனிலயே ஏத்தாமல் விட்டிடுவினம். பொஸ்ரனுக்குத் திரும்பிறபடியா அமெரிக்க விசாவும் பலமுறை நுழையிற விசாவா இருக்கவேணும். இணையத்தில அஞ்சு நிமிசத்தில எடுக்கிற மின் அனுமதி இந்தியப் பாஸ்போட்டுக்கு இல்லை. கனடா விசாவுக்குக் கைரேகை குடுக்கவேணும், மாதக் கணக்கில முதலே வெளிக்கிடுங்கோ.

இன்னுமொண்டு. செயின்ற் லோரன்ஸ் வளைகுடாவில திமிங்கிலங்களைக் காப்பாத்த 10 நொட் (மணிக்கு ஏறக்குறைய 18.5 கிலோமீற்றர்) வேகக் கட்டுப்பாடு போட்ட இடங்கள் இருக்கு. அதோட ஆத்துக்குள்ள லெ-ஸெஸ்கூமான் எண்ட ஊர் தொடக்கம் உள்ளூர் மாலுமி ஏறித்தான் கப்பலைக் கொண்டு வரவேணும். மூடுபனி, காத்து, வேகக் கட்டுப்பாடு மூண்டும் சேர்ந்தா வாற நேரம் தள்ளிப்போகும். ஆனபடியால் காசு திரும்பக் கிடைக்காத ஒண்டையும் காலை பத்து மணிக்கு முதல் பதியாதேங்கோ.

சைவப் பந்தி:

சாப்பாட்டு விஷயத்துக்கு நான்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பூட்டீன் என்பது வறுத்த உருளைக்கிழங்கு, சீஸ் கட்டி, மேலே பழுப்புக் குழம்பு. பார்க்கச் சைவம். குழம்பு பெரும்பாலும் கோழி அல்லது மாட்டிறைச்சிச் சாறு. சில கடைகளில் சைவக் குழம்பு தனியாக இருக்கும், "ஸோஸ் வேஜே" என்று கேட்க வேண்டும். பட்டாணி சூப்பில் பன்றித்தொடை வேகவைத்திருப்பார்கள். மேப்பிள் பாகில் வேகவைத்த பயறு, பார்க்க நம் வீட்டுச் சுண்டல் கணக்காய் இருக்கும், அதில் பன்றிக்கொழுப்பு. மெனுவில் "லார்", "ஜாம்போன்" என்று எங்கு கண்டாலும் பன்றி. "பூலே" கோழி, "பெஃப்" மாடு. இந்த நாலு சொல் போதும். "ஸான் வியாந்த்" என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் மீனை அங்கே பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதையும் தனியாகச் சொல்லுங்கள்.

முட்டை கூடாது என்றால் கிரேப் என்ற மெல்லிய தோசை வேண்டாம், மாவிலேயே முட்டை. மரக்கோதுமை (பக்வீட்) மாவில் உப்புச் சுவையில் செய்யும் கலேத் என்ற தோசை சில கடைகளில் வெறும் மாவும் தண்ணீரும் உப்பும்தான், ஆனால் கடைக்குக் கடை மாறும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். என் ஆலோசனை: காலையில் கப்பலில் வயிறாரச் சாப்பிடுங்கள், மதியம் ஒரு பேக்கரியில் பகெத் ரொட்டி, சீஸ், சாலட். ரொட்டி அங்கே உண்மையிலேயே நன்றாக இருக்கும். கப்பலில் தலைமைப் பணியாளரிடம் முந்தின இரவே சொன்னால் திரும்பியதும் சாதமும் பருப்பும் தயாராக வைப்பார்கள். பெரும்பாலான கப்பல் சமையலறைகளில் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

பஃபேயிலிருந்து ஆப்பிள், சாண்ட்விச் பையில் போட்டு இறங்காதீர்கள். பழம், இறைச்சியைக் கரைக்குக் கொண்டுபோகக்கூடாது, வாசலில் சோதிப்பார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் பரவாயில்லை.

விலைப்பட்டியலில் இருப்பது வரி சேர்க்காத விலை. மத்திய வரி 5 சதவீதம், மாநில வரி 9.975 சதவீதம், ஆக ஏறக்குறைய 15 சதவீதம் பில்லில் ஏறும். உட்கார்ந்து சாப்பிட்டால் பரிமாறுபவருக்கு 15 சதவீதம் கொடுப்பது வழக்கம், அதை வரிக்கு முந்தைய தொகைக்குக் கணக்கிட்டால் போதும். முன்பெல்லாம் கார்டு இயந்திரம் வரி சேர்த்த தொகைக்குத்தான் சதவீதம் காட்டும், 2025 மே முதல் கியூபெக் சட்டப்படி வரிக்கு முந்தைய தொகைக்குத்தான் காட்ட வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்டால் குழாய்த்தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். சும்மா "தண்ணீர்" என்றால் சில இடத்தில் பாட்டிலைத் திறந்து வைத்துப் பில் போடுவார்கள்.

துறைமுகக் குருவி:

மோன்மோரென்சியைச் சொல்ல விட்டுவிட்டேன். உங்கள் நாளில் சேர்க்காதீர்கள். 83 மீட்டர், நயாகராவைவிட 30 மீட்டர் உயரம், அழகுதான். ஆனால் நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். போக, பார்க்க, வர மூன்று மணி நேரம் விழுங்கிவிடும். போகும்போது டாக்சி கிடைக்கும், திரும்பும்போது அங்கே வண்டி காத்துக்கொண்டு நிற்காது.

அதைக் கப்பலிலிருந்தே பார்க்கலாம். பெரிய கப்பல்கள் இல் தோர்லியான் தீவின் தெற்குக் கால்வாய் வழியாகத்தான் வரும். தீவு முடிகிற இடத்தில், ஊர் தெரியத் தொடங்கும்போது, வலப்பக்கம் தூரத்தில் வெள்ளைக் கோடாக விழும். அக்டோபர் முதல் வாரத்தில் ஆறேமுக்கால் ஏழுக்கு விடியும், எட்டு மணி வருகை என்றால் வெளிச்சத்தில்தான் கடப்பீர்கள். மாலை புறப்படும்போது இடப்பக்கம். ஏழு மணிக்கு மேல்தட்டில் முன்பக்கம் நில்லுங்கள்.

ஆற்றங்கரை ஆறுமுகம்:

குருவி சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். தூரத்தில் தெரியும் வெள்ளைக் கோடு அருவி பார்த்த கணக்கில் சேராது. முழங்கால் வலிக்காரர்களுக்கு மேல்நகரத்தைவிட அருவிதான் சுலபம். கீழே வாகனம் நிற்கும் இடத்திலிருந்து கேபிள் காரில் மேலே போய், மேட்டுப் பங்களாவிலிருந்து பெரும்பாலும் சமமான பாதையில் அருவியின் தலைக்கு மேலே இருக்கும் தொங்குபாலம் வரை போகலாம். பக்கத்தில் இருக்கும் 487 படி மரப்படிக்கட்டுக்குப் போனால்தான் வம்பு. பகல் முழுக்க இருக்கிற கப்பலென்றால் டாக்சியைப் போக வர, காத்திருக்கப் பேசி முடித்து, காலை ஒன்பதுக்கே அருவி, பன்னிரண்டுக்கு மேல்நகரம். ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால் மதிலையும் சமவெளியையும் விடலாம்.

ஆனால் கப்பல் தாமதமாக வந்தால் இந்தத் திட்டத்தை அப்போதே கைவிடுங்கள். பத்துக்கு மேல் இறங்கினால் அருவி வேண்டாம்.

மதுரை மகிழ்நன்:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் கப்பல் கியூபெக்கிலேயே முடிகிறது. மொன்றியல் வரை ஏன் போகவில்லை? கியூபெக்கிலிருந்து டொரன்டோ போக எது நல்லது?

ஸ்கார்பரோ வாசி:

பாலம். நகரத்தைத் தாண்டி மொன்றியல் பக்கமாக் கொஞ்சத் தூரத்தில 1917-இல திறந்த கியூபெக் பாலம் இருக்கு. கட்டேக்க 1907-இலயும் 1916-இலயும் ரெண்டு தரம் இடிஞ்சு விழுந்த பாலம், 549 மீற்றர் நடு இடைவெளி, ரெண்டு பக்கத் தூணில இருந்தும் நீட்டிக் கட்டுற கன்ரிலீவர் வகையில இண்டைக்கும் உலகத்தில பெரிசு. பெருக்கு நேரம் தண்ணிக்கும் பாலத்துக்கும் இடையில ஏறக்குறைய 46 மீற்றர்தான். இப்பத்தைய பெரிய கப்பலின்ர புகைபோக்கி அதுக்குள்ளால போகேலாது. சின்னக் கப்பல்தான் மொன்றியல் போகும்.

ரொறன்ரோவுக்கு ரயில் எண்டா பலே நிலையம், துறையில இருந்து ஒண்டரைக் கிலோமீற்றர் வரும். பெட்டியோட நடக்காதேங்கோ, டாக்சி பிடியுங்கோ. மொன்றியலுக்கு மூண்டே கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட, அங்க மாறவேணும். கப்பல் இறங்கின நாளில மத்தியானத்துக்கு முந்தின வண்டியைப் பதியாதேங்கோ, பெட்டி எடுத்து வெளிய வரவே பத்து மணி ஆகும். விமானத்தில போறியள் எண்டா மேப்பிள் பாணி (பாகு) 540 மில்லி ரின்னைக் கைப்பையில வைக்காதேங்கோ. 100 மில்லிக்கு மேலான திரவம் எண்டு பறிச்சுப்போடுவினம். பெரிய பெட்டிக்குள்ள பொலித்தீனால சுத்தி வையுங்கோ.

கோவை வசந்தி:

எல்லோருக்கும் நன்றி. அருவியை விட்டுவிட்டு, டாக்சியில் மேலே, ஃபுனிகுலரில் கீழே என்று வைத்துக்கொள்கிறோம். மதியத்துக்கு மேல் அம்மாவை நடக்கவிடாமல் ஏதாவது? எதிர்க்கரையில் இருக்கும் லெவி என்ற ஊருக்குப் போகும் படகு பற்றி ஒரு இடத்தில் படித்தேன்.

துறைமுகக் குருவி:

நல்ல யோசனை. படகுத்துறை பெத்தி-ஷாம்ப்ளேனிலிருந்து சில நிமிட நடை, சமதரை. உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் கார்ப் படகு அது, பகலில் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒன்று. ஆற்றைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடம். கண்ணாடி அடைத்த உட்கூடத்தில் உட்காரலாம், குளிராது. சாட்டோவும் பாறையும் மதிலும் உங்கள் கப்பலும் ஒரே பார்வையில் தெரிவது இங்கிருந்துதான். போகும்போது ஊர் பின்னால் விலகும், பின்பக்கம் உட்காருங்கள். வரும்போது முன்பக்கம்.

போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட். லெவியில் இறங்கி மறுபடி வரிசையில் ஏறச் சொல்வார்கள், அதற்குள் புறப்பட்டுவிட்டால் அடுத்த படகு வரை காத்திருக்க வேண்டும். ஆக மொத்தம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கியூபெக் கரைக்கு மூன்றேகாலுக்குள் திரும்பும்படி கிளம்புங்கள். ஏறும் சாய்தளமும் வாசி சொன்ன அதே ஏற்றவற்றத்தில் சரியும், அம்மா முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால்.